பாப்பா அழுவான், கண்ணீர் வராது! தெரியுமா?

மனித உடம்பில் எத்தனை எலும்பு? 206! எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் எங்கள் வீட்டில் ஓர் ஆளுக்கு மட்டும் சுமார் 300! யார் அந்த அதிசயப் பிறவி என்கிறீர்களா? கீழ்க்கட்டளையில், மேடவாக்கம் மெயின் ரோட்டிலிருந்து மூன்று சந்து உள்ளே தள்ளி, இரண்டாம் மாடியில், ஜன்னலோரத் தூளியில் கிடக்கிறானே, பிறந்து 23 நாளே ஆன எங்கள் சின்னவன், அவன்தான்! எடை மூன்றரை கிலோகூட இல்லை. எலும்புக் கணக்கில் அப்பனை 90-க்கும் மேல் முந்திவிட்டான்! வளர வளர அவை ஒன்றோடொன்று ஒட்டி 206 ஆகிவிடும். முழங்கால் சில்லு? அது இப்போதைக்கு வெறும் குருத்தெலும்பு!

இன்னொன்று கேளுங்கள்! இவன் அழுதால் எதிர்வீட்டு வாசல் வரைக்கும் கேட்கும். கண்ணைப் பார்த்தால்? கன்னத்தில் ஒரு சொட்டு இல்லை! முதல் சில வாரங்களுக்குக் கண்ணீர்ச் சுரப்பி கண்ணை ஈரமாக வைத்துக்கொள்ளும் அளவுக்குத்தான் சுரக்கும். வழிந்தோடும் கண்ணீரெல்லாம் அப்புறம்தான்! எங்கள் வீட்டில் இதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, நாலரை வயது மகள். "அப்பா, தம்பி பொய்யழுகை அழுவுறான்!"

அழுகைக்கும் தாய்மொழி உண்டு, தெரியுமா? 2009-ல் ஜெர்மனியின் காத்லீன் வெர்ம்கே என்ற ஆய்வாளரின் குழு 60 குழந்தைகளின் அழுகையை ஆராய்ந்து முடிவை வெளியிட்டது. 30 பிரெஞ்சுக் குழந்தைகள், 30 ஜெர்மன் குழந்தைகள். வயது? மூன்றிலிருந்து ஐந்து நாள்! பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை கீழிருந்து மேலே ஏறியது. ஜெர்மன் குழந்தைகளுடையது மேலிருந்து கீழே இறங்கியது. அந்தந்த மொழியின் ஏற்ற இறக்கம் அப்படியே! பேறுகாலத்துக்கு வந்திருக்கும் என் அத்தை, அதாவது மாமியார், சின்னவன் அழுவது முகாரி ராகம் என்கிறார். மாடி வீட்டுக்காரருக்கு அது ராகமாகவே படவில்லை.

பிறந்து மூன்றே நாளில் மொழி எப்படிப் பிடிபட்டது? வயிற்றுக்குள்ளேயே பாடம் தொடங்கிவிடுகிறது! ஏழாம் மாதத்தில் வளைகாப்பு வைக்கிறோமே, அந்தச் சமயத்தில் குழந்தைக்குக் காது நன்றாகவே கேட்கும். இரண்டு கையும் நிறையக் கண்ணாடி வளையல் கலகலக்க அம்மா நடமாடினால், உள்ளே இருப்பவனுக்குத் தினமும் கச்சேரி! இந்த வளைகாப்பைத் தமிழ்நாடு அரசே அங்கன்வாடிகள் மூலம் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சேர்த்து, சமுதாய வளைகாப்பு என்று நடத்துகிறது!

பிறந்த குழந்தைக்கு எவ்வளவு தூரம் கண் தெரியும்? ஒரு முழம்கூட இல்லை. 20 முதல் 30 சென்டிமீட்டர்! அதற்கப்பால் எல்லாம் மங்கல். இப்போது ஒரு ஸ்கேல் எடுத்துக்கொள்ளுங்கள். பால் குடிக்கும்போது குழந்தையின் கண்ணுக்கும் அம்மாவின் முகத்துக்கும் நடுவே எவ்வளவு? ஏறக்குறைய அதே 20, 30 சென்டிமீட்டர்! ஆக, அவனுக்கு உலகத்தில் தெளிவாகத் தெரிவது ஒரே ஒரு முகம்! நான் மூன்றடி தள்ளி நின்று காட்டிய கோமாளித்தனம் எல்லாம் வீண்.

வாழ்க்கையின் முதல் பரீட்சை எது? எல்.கே.ஜி. நேர்காணலா? நீட்டா? இல்லவே இல்லை! பிறந்த ஒரே நிமிடத்தில் வந்துவிடுகிறது! 1952-ல் வர்ஜீனியா ஆப்கார் என்ற அமெரிக்க மயக்கமருந்து மருத்துவர் உருவாக்கிய மதிப்பெண் அது. இதயத்துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, சீண்டினால் சிணுங்குகிறதா, தோலின் நிறம். ஐந்து பாடம், பாடத்துக்கு இரண்டு மார்க், மொத்தம் 10! ஐந்தாவது நிமிடத்தில் மறுபடியும் ஒரு பரீட்சை! முதல் நிமிடத்தில் 10-க்கு 10 வாங்குவது அபூர்வம். ஏனென்றால், பிறந்தவுடன் பெரும்பாலான குழந்தைகளின் கைகாலில் கொஞ்சம் நீலம் பூத்திருக்கும், ஒரு மார்க் போய்விடும்! சின்னவன் 9 வாங்கினான். "அந்த ஒரு மார்க் எங்கே போச்சு?" என்று என் அப்பா போனில் கேட்டார். சத்தியமாகக் கேட்டார்!

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எப்போது ஓடியது? 1856, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை. அதற்கும் 12 ஆண்டு முன்பே, 1844-ல், சென்னையில் பிரசவத்துக்கென்றே தனி அரசு ஆஸ்பத்திரி வந்துவிட்டது தெரியுமா? எழும்பூர் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி என்று நாம் சொல்வது அதைத்தான்! பயணிகள் ரயிலே இல்லாத ஊரில், மாட்டு வண்டியில் வந்து இறங்கியிருப்பார்கள் அந்தக் கால கர்ப்பிணிகள்!

சரி, உங்கள் இடது தோளைத் தொட்டுப் பாருங்கள். சின்னதாக ஒரு வட்டத் தழும்பு இருக்கிறதா? அதுதான் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட இடம்! எங்கள் சின்னவனுக்கும் பிறந்ததுமே போட்டாயிற்று. அதன் கதையைக் கேட்டால் தலை சுற்றும்! கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். மாட்டுக்கு வரும் காசநோய்க் கிருமியை எடுத்து, மாட்டுப் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்கில் வளர்த்தார்கள். கொஞ்சம் எடுத்து மறுபடி வளர்த்தார்கள். மறுபடி, மறுபடி… எத்தனை தடவை? 230! எத்தனை ஆண்டு? 13! நடுவில் ஒரு உலகப் போர் வேறு! கிருமியின் பல் பிடுங்கப்பட்டுவிட்டது என்று உறுதியான பிறகு, 1921-ல் பாரிஸில் ஒரு பச்சைக் குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள். ஊசியாகவா? இல்லை, வாய்வழியாக! அதெல்லாம் எங்கோ பாரிஸில் என்று நினைக்காதீர்கள். அந்தத் தடுப்பூசியை நம் நாட்டில் தயாரிக்க 1948-ல் ஆய்வகம் தொடங்கிய இடம் எது? கிண்டி! நாம் பஸ் மாறுகிற, வெயிலில் காய்கிற, அதே கிண்டி! அப்புறம், ஏன் எல்லாருக்கும் இடது தோள்? தழும்பைத் தேடுகிறவர்கள் ஒரே இடத்தில் பார்த்தால் போதும், அதற்காகத்தான்!

பெயரே இல்லாமல் ஒரு மனிதனுக்குச் சான்றிதழ் கிடைக்குமா? கிடைக்கும்! பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை மட்டும் 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். தாமதக் கட்டணம் கட்டினால் 15 ஆண்டு வரை அவகாசம்! பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கும் வரைக்கும் பெயர் யோசிக்கலாம் என்று பாருங்கள்! ஆனால் தமிழ்நாட்டில் பெயருக்கு முன்னாலேயே ஓர் எண் வந்துவிடுகிறது. கர்ப்பத்தைப் பதிந்ததும் தாய்க்குக் கொடுக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண்! பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். எங்கள் வீட்டில் பெயர்ப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. எண் மட்டும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

இனி இரவுக் கதை. இரவு 2 மணிக்குக் கீழ்க்கட்டளையில் யார் யார் விழித்திருப்பார்கள்? தண்ணீர் லாரி டிரைவர், ஏ.டி.எம். காவலாளி, நான்! இன்னும் ஒருவர் உண்டு. பக்கத்து நன்மங்கலம் காப்புக்காட்டில் கொம்பன் ஆந்தை! பறவை பார்ப்பவர்கள் அதைத் தேடித்தான் அந்தக் காட்டுக்கு வருவார்கள். அதற்காவது பகலில் தூக்கம் உண்டு!

எனக்கு எத்தனை நாளைக்கு இந்தக் கதி? நாளா? ஆண்டைக் கேளுங்கள்! ஜெர்மனியில் 4,600-க்கும் மேற்பட்ட பெற்றோரைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியான ஆய்வு சொல்கிறது: முதல் குழந்தை பிறந்து ஆறு ஆண்டு ஆன பிறகும் பெற்றோரின் தூக்கம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை! ஆறு ஆண்டு! நாங்கள் நாலரை ஆண்டு தாண்டியதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறோம்! அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது. முதல் மூன்று மாதங்களில் அம்மாக்கள் இழப்பது இரவுக்குச் சுமார் ஒரு மணி நேரத் தூக்கம். அப்பாக்கள் இழப்பது? 15 நிமிடம்! இதை என் மனைவியிடம் நான் வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது.

அழுகிற குழந்தையைத் தூங்க வைக்க ஃபார்முலா உண்டா? உண்டு! ஜப்பானில் குமி குரோடா என்ற ஆய்வாளர் 2022-ல் சொன்னது: தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடங்கள். தூங்கிவிட்டானா? உடனே படுக்க வைக்காதீர்கள்! உட்கார்ந்து ஐந்திலிருந்து எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருங்கள், அப்புறம் கீழே விடுங்கள். ஏன் அந்த எட்டு நிமிடம்? உடம்பை விட்டுப் பிரிகிற கணத்தில்தான் குழந்தையின் இதயத்துடிப்பு எகிறுகிறது, விழித்துக்கொள்கிறது! ஆழ்ந்து தூங்கியிருந்தால் அது நடக்காது. எங்கள் ஹாலில் சுவருக்குச் சுவர் 11 அடி. ஐந்து நிமிட நடை என்றால் மேடவாக்கம் கூட்ரோடு வரை போய் வந்த அலுப்பு! இதை அத்தையிடம் சொன்னேன். "அதுக்குத்தானே தோள்ல போட்டு உலாத்திட்டு, மடியில கொஞ்ச நேரம் வச்சுத் தட்டணும்கிறது? இதுக்கு ஜப்பானா வேணும்?" என்றார்.

தமிழர்கள் வளர்ச்சி அட்டவணையைப் பாட்டாகவே எழுதி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? பிள்ளைத்தமிழ்! அதில் பத்துப் பருவம். மூன்றாம் மாதம் தொடங்கி 21-ஆம் மாதம் வரை, ஒற்றைப்படை மாதங்களாக! ஐந்தில் செங்கீரை: தலை தூக்கி, கையூன்றி, காற்றில் கீரைத்தண்டு ஆடுகிற மாதிரி ஆடுவது. ஏழில் தால்: தால் என்றால் நாக்கு, தாலாட்டு என்ற சொல்லே அங்கிருந்துதான்! ஒன்பதில் சப்பாணி: கைதட்டல். பதினொன்றில் முத்தம். 13-ல் வருகை: தளிர்நடை போட்டு வா வா என்று கூப்பிடுவது! இப்போது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்கும் சராசரி வயது 12 மாதத்தை ஒட்டி! 12-ஆம் நூற்றாண்டில் குலோத்துங்கன்மேல் பிள்ளைத்தமிழ் பாடிய ஒட்டக்கூத்தர் இதை வாசித்தால் மீசையை முறுக்கியிருப்பார்! 17-ஆம் மாதம் என்ன தெரியுமா? சிற்றில். பெண் பிள்ளைகள் கட்டிய மணல் வீட்டை ஆண் பிள்ளை காலால் கலைக்கிற பருவம்! பெரியவள் கட்டும் பிளாஸ்டிக் கட்டை வீட்டுக்கு இன்னும் 16 மாதம்தான் ஆயுள்!

உச்சி முகர்வது என்கிறோமே, அதற்குள் ஒரு போதை இருக்கிறது! 2013-ல் ஒரு சோதனை. 30 பெண்கள், அதில் பாதிப் பேர் புதுத் தாய்மார்கள். பிறந்த குழந்தைகள் போட்டிருந்த சட்டையின் வாசனையை முகரக் கொடுத்து, மூளையைப் படம் பிடித்தார்கள். நல்ல பசியில் பிடித்த சாப்பாடு கிடைத்தால் எந்தப் பகுதி குதூகலிக்குமோ அதே பகுதி விழித்துக்கொண்டது! அதுவும் தங்கள் குழந்தையல்ல, யார் வீட்டுக் குழந்தையோ!

அதைவிட அதிசயம், அம்மா உடம்புக்குள் பிள்ளையின் செல்கள் குடியிருப்பது! வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் செல்கள் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. பிரசவத்தோடு போய்விடும் என்றுதானே நினைப்போம்? 1996-ல் டயானா பியாங்கியின் குழு ஒரு தாயின் இரத்தத்தில் ஆண் குழந்தையின் செல்களைக் கண்டது. அந்தப் பிள்ளை பிறந்து எத்தனை ஆண்டு ஆகியிருந்தது தெரியுமா? 27! "நீ இன்னும் என் ரத்தத்திலதாண்டா ஓடுற" என்று எந்த அம்மாவாவது சொன்னால் அது சினிமா வசனம் இல்லை!

அப்பாவுக்கு ஒன்றும் ஆகாதா? ஆகும்! பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 இளைஞர்களைப் பல ஆண்டு தொடர்ந்தார்கள். அப்பா ஆனவர்களுக்கு ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சரசரவென்று இறங்கியிருந்தது! கைக்குழந்தையைக் கூடமாட நின்று கவனிப்பவர்களுக்கு இன்னும் குறைவு! இதை மட்டும் நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

மருந்துப் பெட்டிக்கு வருவோம். பெயர் சொல்லக் கூடாத மருந்து எது? வசம்பு! அதனால்தான் அதற்குப் பேர்சொல்லாதது என்றே பேர்! பிள்ளை வளர்ப்பான் என்றும் சொல்வார்கள். அதே வசம்பை உணவில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்கா 1968-லேயே தடை போட்டது, தெரியுமா? கையில் காப்பாகக் கட்டுங்கள், உள்ளே கொடுக்காதீர்கள் என்பது எங்கள் டாக்டரின் தீர்ப்பு. தேனுக்கும் ஒரு வயது வரை தடா. பச்சைக் குழந்தையின் குடலில் அது விஷக் கிருமிக்கு வழி திறந்துவிடலாம். சேனை வைக்கத் தேனோடு வந்த பெரியப்பா முகம் சுருங்கிவிட்டது, பாவம்.

கிரைப் வாட்டர்? 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் தயாரித்தது. சதுப்பு நிலக் காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்குக் கொடுத்த மருந்திலிருந்து பிறந்த யோசனை! அந்தப் பழைய கலவையில் என்னென்ன? சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை… கூடவே 3.6 சதவீதம் ஆல்கஹால்! பாட்டி கையால் பாலாடையில்! இப்போதைய பாட்டிலில் அது கிடையாது, பதற வேண்டாம். நம் ஊரில் இதை விற்பது சென்னை டி.டி.கே. குழுமம். அதே குழுமம்தான் நம் பல்லாவரத்தில் ஆணுறைத் தொழிற்சாலையும் நடத்தி வந்தது! குழந்தை பிறந்தாலும் வியாபாரம், பிறக்காவிட்டாலும் வியாபாரம்!

குழந்தையைக் காலை வெயிலில் காட்டுகிறோமே, அந்தப் பழக்கத்திலிருந்து ஓர் ஆஸ்பத்திரி விளக்கே பிறந்தது! 1956, இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் ஆஸ்பத்திரி. ஜீன் வார்டு என்ற நர்ஸ் குறைமாதக் குழந்தைகளைத் தோட்டத்து வெயிலுக்குத் தூக்கிப் போவார். ஒரு நாள் மஞ்சள் காமாலைக் குழந்தையின் துணியை விலக்கினால், உடம்பெல்லாம் வெளுத்திருந்தது. துணியின் மூலை மூடியிருந்த முக்கோணம் மட்டும் மஞ்சள்! அந்த முக்கோணம்தான் இன்று ஆஸ்பத்திரிகளில் எரியும் நீல விளக்குக்கு மூலம்! காமாலை இருந்தால் மொட்டை மாடி போதாது, அந்த விளக்குதான் வேண்டும்.

டயப்பருக்குள் என்ன இருக்கிறது? பஞ்சு மட்டுமா? இல்லை, உப்புக்கல் மாதிரி ஒரு தூளும் உண்டு! சுத்தத் தண்ணீர் என்றால் அந்தத் தூள் தன் எடையைப் போல 300 மடங்கு வரை குடிக்கும்! மூத்திரத்தில் உப்பு இருப்பதால் சுமார் 30 மடங்கோடு நின்றுவிடும். அத்தை கட்சி வேறு: பழைய வேட்டி கிழித்த துணி. ஒரு நாளுக்கு எட்டு, மாதத்துக்கு 240 துணி! மார்கழி மழையில் கொடி முழுக்கத் தோரணம்!

பெரியவளை மறந்துவிட்டேன் பாருங்கள். புதுப் பாப்பா வந்த வீட்டில் இது சகஜம். அவள் கேட்கும் கேள்விகளுக்குக் கணக்கு உண்டா? உண்டு! இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் ஒரு குழந்தை சுமார் 40,000 கேள்வி கேட்கும் என்கிறார் ஹார்வர்டு பேராசிரியர் பால் ஹாரிஸ். நாளுக்கு 36-க்கும் மேல்! எங்கள் வீட்டில் அது காலை பத்து மணிக்குள் முடிந்துவிடும்.

அவளுடைய இப்போதைய காதல் ஜேசிபி! மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தடம் எங்கள் ஊர் வழியாகத்தான் வருகிறது. பெரியவர்களுக்குப் போக்குவரத்து நெரிசல், அவளுக்குத் தினமும் திருவிழா! ஜேசிபி என்பது ஒரு மனிதர், தெரியுமா? ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு! அவர் தொழில் தொடங்கிய நாள் 1945 அக்டோபர் 23. அன்றைக்கே அவர் வீட்டில் ஒரு விசேஷம். மகன் பிறந்தான்! பிள்ளை பிறந்த அன்று நான் ஆஸ்பத்திரி வாசலில் மூன்று டீ குடித்தேன். அவர் கம்பெனி தொடங்கியிருக்கிறார்!

அவள் சட்டைப் பையில் எப்போதும் கல் இருக்கும். தூக்கி எறிய நான் பயப்படுகிறேன். ஏன் தெரியுமா? 1863 மே 30. 200 அடி ரோட்டில் நேரே போனால் வருகிற அதே பல்லாவரம். ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியலாளர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். அது கல் அல்ல, ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி! இந்தியாவில் கற்கால ஆராய்ச்சியே அந்தக் கல்லில்தான் தொடங்கியது! அதே ஆண்டு அவர் போன அத்திரம்பாக்கத்தின் கருவிகளுக்கு இப்போது வயது கணித்திருக்கிறார்கள்: 15 லட்சம் ஆண்டு! துவைக்கப் போடும்போது வாஷிங் மெஷினில் சத்தம் வந்தால், எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் திட்டுவது.

ஐந்து பேர் பஸ் ஏறினோம், எத்தனை டிக்கெட்? ஒன்றே ஒன்று! சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்கு இலவசம். மனைவி, அத்தை, மகள் மூவரும் போயாயிற்று. ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் இலவசம்; சின்னவனும் போய்விட்டான். கண்டக்டர் நேராக என்னிடம் வந்தார்! இறங்குகிற ஊரில் சின்னவனுக்குப் பசித்தால்? 2015-லிருந்து தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்களுக்குத் தனி அறை இருக்கிறது!

அம்மா, மம்மி, மாம், மா. எங்கே போனாலும் அம்மா என்றால் 'ம' சத்தம்தானா? மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் காரணம் சொன்னார்: பால் குடிக்கும் வாய் மூடியிருக்கும்போது மூக்கு வழியாக வரக்கூடிய முனகல் அதுதான்! ஆனால் ஜார்ஜியா நாட்டுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே 'மாமா' என்றால் அப்பா! அம்மாவுக்கு 'தேதா'! என் மைத்துனனிடம் இதைச் சொன்னேன். சின்னவன் முதலில் மாமா என்றால் அது தனக்குத்தான் என்று இப்போதே எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

கடைசியாக ஒன்று! பச்சைக் குழந்தையின் பிடி எவ்வளவு வலு? 1891-ல் லூயி ராபின்சன் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு மாதம்கூட ஆகாத 60 குழந்தைகளை ஒரு கழியைப் பிடிக்க வைத்துத் தொங்கவிட்டார்! பதறாதீர்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிட்டத்தட்ட எல்லாரும் பத்து விநாடி தாக்குப்பிடித்தார்கள். மூன்று வாரக் குழந்தை ஒன்று எவ்வளவு நேரம் தொங்கியது தெரியுமா? 2 நிமிடம் 35 விநாடி! வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். எங்கள் மூன்று வாரக்காரன் என் வலது கைச் சுண்டுவிரலைப் பிடித்து அரை மணி நேரம் ஆகிறது. இந்தக் கடைசிப் பத்தி முழுக்க இடது கையால் தட்டியது!